பதினாலு நிமிஷம்

போன சித்திரை மாதம், ஒரு நாள் மத்தியானம். வெயில் தெருவைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. நான் வரவழைத்திருந்த இரண்டு புத்தகங்களை எடுத்துக்கொண்டு ஒரு பையன் மாடியேறி வந்தான். முதுகில் அவனைவிடப் பெரிய மூட்டை. சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. "உள்ளே வா தம்பி, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போ" என்றேன். அவன் மோரைப் பார்க்கவில்லை; கையிலிருந்த டெலிபோனைப் பார்த்தான்.

"வேணாம் சார், டைம் ஓடுது" என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் போய்விட்டான்.

டைம் ஓடுகிறது என்று நாம் எல்லோருமே சொல்கிறோம். ஆனால் அங்கே ஓடியது என்னவோ பையன்தான். நேரம் அவன் உள்ளங்கையில் சொகுசாக உட்கார்ந்து சவாரி செய்துகொண்டிருந்தது. ஒரு வீட்டுக்கு இத்தனை நிமிஷம் என்று அவனுக்கு அளந்து கொடுத்தது யார்? எந்தப் படியால் அளந்தார்கள்? இந்தக் கேள்வி பல நாள் என்னை விடவில்லை. வீட்டு வாசலில் பொருள் கொடுப்பவனுடைய விநாடிகளை எண்ணுவதை ஒரு சாஸ்திரமாகவே வளர்த்தவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே தேடிப் போனேன். போன இடத்தில் கதை எழுதுகிறவன் ஆசைப்படும்படியான ஒரு கதாநாயகன் அகப்பட்டான். அவனும் ஒரு பையன். அவனும் மூட்டை சுமந்தவன்.

அவன் பெயர் ஜேம்ஸ் கேஸி. ஜிம் என்று கூப்பிடுவார்கள். 1888-ல் நெவாடா மாகாணத்தில் ஒரு சுரங்கப் பிரதேசத்தில் பிறந்தான். தகப்பனார் ஐரிஷ் வம்சத்தவர். பூமியைத் தோண்டினால் அதிர்ஷ்டம் கிடைக்கும் என்று நம்பியவர்களில் ஒருவர். கிடைத்தது நோய்தான். குடும்பம் சியாட்டில் நகரத்துக்கு வந்து சேர்ந்தது. 1897-ல் வடக்கே கிளாண்டைக் பிரதேசத்தில் தங்கம் கிடைக்கிறதென்று கிளம்பிய கூட்டமெல்லாம் சியாட்டில் வழியாகத்தான் கப்பலேறியது. ஊரில் பணம் புரண்டது; கேஸி வீட்டில் புரளவில்லை. 11 வயதில் ஜிம் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு பெரிய கடையின் பொருள்களை வீடு வீடாகக் கொண்டு கொடுக்கும் வேலைக்குப் போனான். வாரத்துக்கு இரண்டரை டாலர் சம்பளம்.

1907-ல், 19 வயதில், கிளாட் ரயன் என்ற சிநேகிதனோடு சேர்ந்து 100 டாலர் கடன் வாங்கிச் சொந்தமாகத் தூதுக் கம்பெனி ஒன்று ஆரம்பித்தான். ஆபீஸ் என்று பெயர் பெற்ற இடம் ஒரு கட்டிடத்தின் அடியிலிருந்த நிலவறை. பையன்கள் பெரும்பாலும் நடந்தே போய்வந்தார்கள். தூரமான இடத்துக்கு மட்டும் சைக்கிள். நாளடைவில் கடைக்காரர்களின் பார்சல்களைச் சேர்த்து எடுத்துப் போகும் வேலை கிடைத்தது. அதில்தான் கேஸியின் சாமர்த்தியம் வெளிப்பட்டது. அதுவரை ஒரே தெருவுக்கு நாலு கடையின் நாலு வண்டிகள் தனித்தனியே போய்வந்தன. நாலு கடைப் பார்சலையும் ஒரே வண்டியில் ஏற்றினால் என்ன? யாருக்கும் தோன்றாத பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு யோசனையின் மீது அவர் ஒரு சாம்ராஜ்யத்தையே கட்டிவிட்டார். 1919-ல் கலிபோர்னியாவிலுள்ள ஓக்லண்டுக்குப் போனார்கள். அப்போதுதான் யுனைடெட் பார்சல் சர்வீஸ், சுருக்கமாக யு.பி.எஸ்., என்ற பெயர் வந்தது. 1930-ல் நியூயார்க். வண்டிகளுக்கு அழுக்குத் தெரியாத பழுப்பு நிறம். ஓட்டுகிறவர்களுக்கும் அதே பழுப்பு உடுப்பு.

கேஸி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெரிய கடைகளுக்குள் போனால் சாமான்களைப் பார்க்கமாட்டாராம். பார்சல் கட்டுகிறவர்களின் விரல்களையே பார்த்துக்கொண்டு மெய்ம்மறந்து நிற்பாராம். சிலருக்குச் சங்கீதம், சிலருக்குச் சதுரங்கம். இவருக்குக் காகிதமும் சணல் கயிறும். இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு ஸ்டாப்-வாட்சைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்த ஸ்டாப்-வாட்ச் வந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும்.

பிலடெல்பியாவில் பிரெடெரிக் டெய்லர் என்று ஓர் என்ஜினீயர் இருந்தார். கேஸியைவிட 32 வயது மூத்தவர். தொழிலாளிகள் வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்கிறார்கள் என்பது அவருடைய சித்தாந்தம். ஒவ்வொரு அசைவையும் விநாடிக் கணக்கில் அளந்து, வீண் அசைவுகளைத் தள்ளிவிட்டு, ஒரு நாளைக்கு ஒரு மனிதன் எவ்வளவு செய்ய முடியும் என்பதைச் சாஸ்திர ரீதியாக நிர்ணயித்துவிடலாம் என்றார். 1911-ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் ஒரு கதை வருகிறது. பெத்லகேம் எஃகு ஆலையில், ஒவ்வொன்றும் 92 பவுண்டு எடையுள்ள இரும்புக் கட்டிகளைத் தூக்கி ரயில் வண்டியில் ஏற்றுகிற வேலை. ஆள் ஒன்றுக்கு நாளைக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டெய்லர் ஓர் ஆளைப் பொறுக்கி எடுத்து, தூக்கு என்றால் தூக்கவும் உட்கார் என்றால் உட்காரவும் பழக்கி, நாற்பத்தேழரை டன் ஏற்ற வைத்தாராம். ஒரு நாளைக்கு 1,156 முறை குனிந்து நிமிர வேண்டும். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. வேலை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே. இந்தக் கணக்கை நான் விமரிசிக்கப் போவதில்லை. வாசகர்களுக்கு வகுத்தல் தெரியும்.

அந்த ஆளுக்கு டெய்லர் ஷ்மிட் என்று பெயர் வைத்தார். உண்மைப் பெயர் ஹென்றி நோல். இப்படிப்பட்ட வேலைக்கு எருதுக்கு ஒப்பான மந்தபுத்தி உள்ளவன்தான் லாயக்கு என்று எழுதியவர், அதே புத்தகத்தில் இன்னொரு தகவலையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்: அந்த மனிதன் காலையில் வேலைக்கு வருமுன்பும் சாயங்காலம் வேலை முடிந்த பின்பும் தனக்கென்று வாங்கிய துண்டு நிலத்தில் தன் கையாலேயே ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டிருந்தான்! சொந்தமாக வீடு கட்டிக்கொள்ளும் எருதை நான் இதுவரை எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை.

சரி, நாற்பத்தைந்து டன்னுக்கு மேல் முடியும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? டெய்லர் காலமாகி வெகு காலத்துக்குப் பின், 1974-ல், இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பழைய காகிதங்களைத் துருவி இதைக் கண்டுபிடித்தார்கள். 1899-ல் ஒரு நாள், இருந்தவர்களில் பலசாலிகளாகப் பத்துப் பேரைப் பொறுக்கி, முடிந்த மட்டும் வேகமாக ஒரு வண்டியை நிரப்பச் சொன்னார்கள். அவர்கள் பதினாறரை டன்னையும் 14 நிமிஷத்தில் ஏற்றிவிட்டார்கள். அதை அப்படியே பத்து மணி நேரத்துக்குப் பெருக்கினார்கள். ஆள் ஒன்றுக்கு 71 டன் வந்தது. 75 என்று முழுசாக்கிக்கொண்டார்கள். பிறகு ஓய்வுக்கும் தாமதத்துக்கும் என்று 40 சதவிகிதம் தள்ளினார்கள். 45 டன்! இதுதான் அந்தச் சாஸ்திரம். அந்த 40 எந்தத் தராசில் நிறுத்துப் பார்த்த 40 என்று கேட்டால் பதில் இல்லை. முதலில் பிடிபட்ட அந்தப் பத்துப் பேரும் இந்த விகிதத்தில் தொடர்ந்து உழைக்க மறுத்தார்கள், வேலையை இழந்தார்கள்.

எனக்கு இந்தப் பதினாலு நிமிஷம்தான் மறக்கவே மாட்டேன் என்கிறது. கல்யாண வீட்டில் பந்தி தாமதமாகிவிட்டால், மாப்பிள்ளையின் சித்தப்பாகூட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு 14 நிமிஷம் சூறாவளியாகப் பரிமாறுவார். அதைப் பார்த்துவிட்டு, 'இவர் தினம் பத்து மணி நேரம் இப்படியே பரிமாறட்டும். நாற்பது சதவிகிதம் தள்ளுபடி செய்கிறோம்' என்று எவராவது சொன்னால் சித்தப்பா என்ன செய்வார்?

தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. 1911 ஆகஸ்டில், மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வாட்டர்டவுன் ராணுவத் தளவாடச் சாலையில், கடிகாரத்தின் முன் வேலை செய்யமாட்டேன் என்று வார்ப்பட வேலைக்காரர் ஒருவர் மறுத்தார். அவரை நீக்கினார்கள், மற்றவர்கள் வேலையை விட்டு வெளியே நடந்தார்கள். விவகாரம் காங்கிரஸ் மகாசபை வரை போயிற்று. டெய்லரையே கூப்பிட்டு விசாரித்தார்கள். 1915-ல், ராணுவத்துக்குப் பணம் ஒதுக்கும் சட்டத்தில், ஸ்டாப்-வாட்ச் வைத்துத் தொழிலாளியை அளக்க அந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்கள். அந்தத் தடை முப்பது வருஷங்களுக்கு மேல் நீடித்தது. அதே 1915 மார்ச்சில் டெய்லர் காலமானார். கடைசி விடியற்காலையில் அவர் தம் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது என்று சொல்வார்கள்.

சர்க்கார் பட்டறைகளில்தான் தடை. தனியார் கம்பெனிகளை யார் தடுப்பது? 1920-க்குப் பிறகு கேஸி இந்தச் சாஸ்திரத்தைத் தம் பழுப்பு வண்டிகளுக்குள் அழைத்து வந்தார். டெய்லரோடு பிராங்க் கில்பிரெத் என்ற இன்னொரு நிபுணரின் வழிமுறைகளும் சேர்ந்தன. செங்கல் அடுக்கும் கொத்தனாரின் 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்த புண்ணியவான் இவர். பன்னிரண்டு குழந்தைகளின் தகப்பனார். கோட்டுக்குள் போடும் சட்டைக்கு மேலிருந்து பொத்தான் போட்டால் ஏழு விநாடி, கீழிருந்து போட்டால் மூன்று என்று கண்டுபிடித்து, வாழ்நாளெல்லாம் கீழிருந்தே போட்டாராம். இரண்டு கைகளிலும் இரண்டு கத்திகளை வைத்துக்கொண்டு க்ஷவரம் செய்து பார்த்தார். 44 விநாடி மிச்சமாயிற்று. ஆனால் கழுத்துக் காயத்துக்குக் கட்டுப் போட இரண்டு நிமிஷம் போய்விட்டது. காயத்துக்காக அல்ல, அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான் வருத்தப்பட்டார் என்று அவருடைய குழந்தைகளே எழுதி வைத்திருக்கிறார்கள். தம்மையே அளந்துகொண்ட மனிதர் என்பதால் இவரிடம் எனக்குக் கோபம் வருவதில்லை.

யு.பி.எஸ். வண்டிக்காரரின் நாள் விநாடி விநாடியாகப் பிரிக்கப்பட்டது. உள்ளே நடப்பதைப் பார்ப்பதற்காக வண்டியின் பக்கச் சுவரையே வெட்டி எடுத்துவிட்டு ஆராய்ந்தார்கள். வண்டியிலிருந்து வலது காலை வைத்து இறங்க வேண்டும். பார்சல் இடது கக்கத்தில் இருக்க வேண்டும். வாங்கும் நோட்டுகளை முகம் மேலே தெரிய மடிக்க வேண்டும். வண்டிச் சாவியை இன்ன விரலில் மாட்ட வேண்டும். ஒரு கை சாவியைத் திருகும்போது மற்றக் கை இருக்கைப் பட்டையை மாட்ட வேண்டும். வீட்டு வாசலுக்கு நடக்கும் வேகம் விநாடிக்கு மூன்றடி. அழைப்பு மணி எங்கே என்று தேடி நிற்காமல் கதவைத் தட்ட வேண்டும். இப்படி 340 விதிகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். 2020 வரை தாடி வைக்கவும் அனுமதி கிடையாது. தாடியால் எத்தனை விநாடி நஷ்டம் என்று மட்டும் யாரும் கணக்குக் கொடுக்கவில்லை.

ஒரு வழித்தடத்தில் இத்தனை வீடு, இத்தனை பார்சல், இத்தனை மைல். ஆகவே இத்தனை மணி இத்தனை நிமிஷம் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் மேற்பார்வையாளர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கூடவே வருவார். அவரும் ஒரு காலத்தில் அதே வண்டியை ஓட்டியவராகவே இருப்பார். கீழேயிருந்துதான் மேலே வர வேண்டும் என்பது கேஸி வகுத்த வழக்கம். அது நல்ல வழக்கம்தான். ஆனால் நாய் இருக்கிற வீடு, பார்சலை வாங்கிக்கொண்டு மகனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிற கிழவி, வேலை செய்யாத லிஃப்ட், பனி உறைந்த படிக்கட்டு, இவையெல்லாம் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியில் வருகின்றன? வண்டிக்காரர்கள் சங்கம் இந்தக் கேள்வியைத்தான் பல வருஷங்களாக வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டுவந்திருக்கிறது.

டீம்ஸ்டர்ஸ் என்பது அந்தச் சங்கத்தின் பெயர். ஒன்றாகப் பூட்டிய குதிரைகளை ஓட்டுகிறவன் என்று பொருள். 1903-ல் குதிரை வண்டிக்காரர்களுக்காகத் தோன்றிய சங்கம். அதன் சின்னத்தில் இன்றும் இரண்டு குதிரைத் தலைகள் இருக்கின்றன. கேஸி ஆரம்ப காலத்திலேயே இந்தச் சங்கத்தை ஏற்றுக்கொண்டவர். அவரை வில்லனாக்கிவிட்டால் என் வேலை சுலபமாகும். சரித்திரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பழுப்பு வண்டிக்காரர்களுக்கு நல்ல சம்பளமும் ஓய்வூதியமும் கிடைத்தன. கல்லூரி படித்த பலர் அந்த உடுப்புக்கு ஆசைப்பட்டார்கள். குனிவதற்கும் தூக்குவதற்கும் முறை சொல்லிக்கொடுத்தது முதுகையும் முழங்காலையும் காப்பாற்றியது என்று கம்பெனி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதுகைக் காப்பாற்றி மிச்சப்படுத்திய நிமிஷம் முதுகுக்குச் சொந்தமாவதில்லை. அதில் இன்னொரு பார்சலை ஏற்றிவிடுகிறார்கள். சண்டையெல்லாம் அதில்தான்.

1983-ல் கேஸி காலமானார். பிறகு யந்திரங்கள் வந்தன. 1990 வாக்கில் வண்டிக்காரர் கையில் ஒரு மின்சாரப் பலகையைக் கொடுத்தார்கள். கையெழுத்து வாங்குவதற்கென்று வந்த பலகை நேரத்தையும் குறித்துக்கொண்டது. பிறகு வண்டி முழுவதும் உணர்கருவிகள். கதவு எப்போது திறந்தது, பட்டை எப்போது மாட்டப்பட்டது, வண்டி எத்தனை அடி பின்னால் போயிற்று, எல்லாம் பதிவாயின. பிறகு வழியையும் யந்திரமே சொல்ல ஆரம்பித்தது. கூடியவரை இடது பக்கம் திரும்பாதே என்பது அதில் பிரசித்தமான கட்டளை. அமெரிக்காவில் வலப்புறமாக வண்டி ஓட்டுகிறார்கள்; இடது பக்கம் திரும்ப வேண்டுமானால் எதிரே வருகிறவர்களுக்காகக் காத்து நிற்க வேண்டும். நம் ஊரில் இதையே வலது என்று மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிக்கொண்டாலும் நம்முடைய நாற்சந்திகளில் எந்தச் சாஸ்திரம் செல்லுபடியாகும் என்பது வேறு விஷயம்.

2014-ல் அந்தக் கம்பெனி அதிகாரி ஒருவர் ஒரு கணக்குச் சொன்னார். வண்டிக்காரர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நிமிஷம் மிச்சமானால், கம்பெனிக்கு வருஷத்தில் ஒரு கோடியே நாற்பத்தைந்து லட்சம் டாலர் மிச்சமாகும்! இதைப் படித்த பிறகு, ஒரு டம்ளர் மோர் குடிக்க எத்தனை நேரம் ஆகும் என்று என் வீட்டுக் கடிகாரத்தில் பார்த்தேன். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளருக்குக் கண் அசந்துபோகும், அவருக்கும் பசிக்கும், வெயில் தாங்காமல் அவரே, 'நிறுத்தப்பா, ஒரு காப்பி குடிக்கலாம்' என்று சொல்லியிருப்பார். உணர்கருவிக்குப் பசிக்காது. ஆகவே சங்கத்தின் பேரமும் மாறிற்று. யந்திரம் சொன்ன தகவலை மட்டும் வைத்துக்கொண்டு, மோசடி இல்லாத பட்சத்தில், முதல் தவறுக்கே ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினார்கள். நாளைக்கு ஒன்பதரை மணிக்கு மேல் அடிக்கடி வேலை வாங்கினால் தண்டக் கூலி கொடுக்க வேண்டும் என்றும் ஒரு ஷரத்து வந்தது. 1997 ஆகஸ்டில் 1,85,000 பேர் பதினைந்து நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்போது சங்கத்தின் தலைவராக இருந்த ரான் கேரி, நியூயார்க்கில் பழுப்பு உடுப்புப் போட்டு வண்டி ஓட்டியவர். அவருடைய தகப்பனாரும் அதே வேலை செய்தவர். அரை நாள் வேலைக்காரர்களாகவே வைத்திருக்கும் வழக்கத்தை எதிர்த்துத்தான் அந்தப் போராட்டம். 10,000 முழு நேர வேலைகளைப் பெற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

இத்தனையும் அளந்தவர்கள் ஒன்றை மட்டும் வெகு காலம் அளக்கவில்லை. அது வண்டிக்குள்ளிருக்கும் சூடு. பின்னால் சரக்கு வைக்கிற பகுதி ஒரு தகரப் பெட்டி. கோடையில் அதற்குள் புகுந்து பார்சலைத் தேடி எடுக்க வேண்டும். 2022-ல் வண்டிக்காரர்களே வெப்பமானியை உள்ளே வைத்துப் படம் பிடித்து வெளியிட்டார்கள். பாரன்ஹீட்டில் 120 டிகிரிக்கு மேல் காட்டியது. அந்தக் கோடையில் கலிபோர்னியாவில் 24 வயது இளைஞர் ஒருவர் பார்சல் கொடுக்கும் வழியிலேயே, வண்டியில் விழுந்து இறந்துபோனார். மறு வருஷம், 2023-ல், ஏறக்குறைய 3,40,000 பேர் சார்பில் புது ஒப்பந்தம் ஏற்பட்டது. சம்பளம் உயர்ந்தது, ஒப்பந்த முடிவில் முழு நேர வண்டிக்காரருக்குச் சராசரியாக மணிக்கு 49 டாலர். வண்டிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் காமிரா வேண்டாம் என்று ஒரு ஷரத்து. 2024 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு வாங்கும் வண்டிகளில் குளிர்சாதனம் இருக்க வேண்டும் என்று இன்னொன்று. பழைய வண்டிகளுக்கு மின்விசிறி. பழுப்பு வண்டிகள் திடமானவை. ஒவ்வொன்றும் எத்தனையோ வருஷம் ஓடும்.

இவர்களாவது பேரம் பேச முடிந்தது. அமேஸான் கம்பெனி 2018-ல் வேறொரு ஏற்பாடு செய்தது. சிறு சிறு ஒப்பந்தக்காரர்களை அமர்த்தி, அவர்கள் மூலம் வண்டிக்காரர்களை வைத்துக்கொண்டது. சட்டையில் ஒருவர் பெயர். சம்பளம் கொடுப்பவர் இன்னொருவர். நேரத்தை அளப்பது யார் என்று மட்டும் கேட்க வேண்டாம். அங்கே வண்டிக்காரர்கள் நிறுத்த நேரமில்லாமல் பாட்டிலில் சிறுநீர் கழிக்கிறார்கள் என்று ஒரு பேச்சு எழுந்தது. 2021 மார்ச்சில் கம்பெனி அதைப் பரிகாசமாக மறுத்தது. அடுத்த மாதம் 2-ந் தேதி, மறுத்தது தவறு, வழியில் கழிப்பிடம் கிடைக்காமல் வண்டிக்காரர்கள் சிரமப்படுவது உண்மைதான் என்று வருத்தம் தெரிவித்தது. பெத்லகேமில் டெய்லரின் ஆட்கள் ஓய்வுக்கென்று ஏதோ ஒரு சதவிகிதமாவது தள்ளினார்கள்.

கேஸியும் ரயனும் ஆபீஸ் வைத்த அந்த நிலவறையைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. சியாட்டிலில் அந்த இடத்தில் இப்போது கட்டிடம் இல்லை. தம் தாயாரின் பெயரால் கேஸி ஏற்படுத்திய தர்ம ஸ்தாபனம், 1978-ல் அங்கே யு.பி.எஸ். ஊழியர்களைக் கௌரவிப்பதற்காக ஒரு சிறு பூங்கா அமைத்தது. நடுநகரத்தில், நாலு பக்கமும் சுவர் எழுப்பிய சின்ன இடம். 22 அடி உயரத்திலிருந்து பாறைகளின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெளியே போகும் வண்டிகளின் சத்தம் அதில் அமுங்கிப் போய்விடுமாம். மேஜைகளும் நாற்காலிகளும் போட்டிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்; சாயங்காலம் கதவு சாத்துகிறவரை.